53 மாதம் முட்டைகளை விட்டு நகராத ஆக்டோபஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆழ்கடல் உயிரினங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு தடவை பார்த்ததில் கிடைத்தது. கேமரா வெளிச்சத்தில் ஏதோ ஒன்று வரும், சில நிமிடம் படமெடுப்பார்கள், அது இருட்டுக்குள் போய்விடும். அப்புறம் அதே விலங்கை யாரும் பார்ப்பதில்லை. அது எத்தனை வயதுவரை வாழும், எதைத் தின்னும், குஞ்சை எப்படி வளர்க்கும் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடத்தை வைத்துச் செய்யும் ஊகம்தான். இங்கே பதிவு செய்யும் நிகழ்வு அதற்கு ஒரு விலக்கு. ஒரே விலங்கை, அது இருந்த இடத்திலேயே, நாலரை ஆண்டு காலம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

பின்னணி

இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மான்டெரே விரிகுடா. இங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே தொடங்குகிறது. மாஸ் லாண்டிங் என்ற சிறிய துறைமுக ஊரின் வாசலிலிருந்து இறங்கி, போகப்போக 3,600 மீட்டருக்கும் கீழே செல்கிறது. பல நாட்டுக் கடற்கரைகளில் ஆயிரம் மீட்டர் ஆழத்தை எட்ட கப்பல் வெகுதூரம் ஓட வேண்டும். இங்கே அந்த ஆழம் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கிறது. 1987இல் தொடங்கப்பட்ட மான்டெரே பே அக்வேரியம் ஆய்வு நிறுவனம் இந்த ஊரில் இருப்பதற்கு அதுதான் காரணம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நில அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் போவது எளிது என்பதால்தான் திரும்பப் போனார்கள்.

போவது மனிதர்கள் இல்லை. கப்பலிலிருந்து நீளமான கேபிளில் இறக்கப்படும் ஆர்.ஓ.வி. என்ற இயந்திரம்தான் போகும். அதில் விளக்கு, கேமரா, வெப்பநிலையும் ஆழமும் அளக்கும் கருவிகள், பொருளைப் பிடித்து நகர்த்த இயந்திரக் கை எல்லாம் உண்டு. இயக்குபவர்கள் மேலே கப்பலில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து, விலங்கு. கிரானெலிடோன் போரியோபசிபிகா என்ற ஆழ்கடல் ஆக்டோபஸ் வட பசிபிக்கில் வாழ்கிறது. தோல் முழுக்கப் பரு பருவாக இருக்கும். கைகளில் உறிஞ்சிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். கரையோர ஆக்டோபஸுக்கு இரண்டு வரிசை. இதற்கு மைப்பையும் கிடையாது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சமே இல்லாதபோது மையைக் கக்கி யாருடைய கண்ணை மறைப்பது?

ஆக்டோபஸ்களின் பொதுவான வாழ்க்கை முறை முன்பே தெரிந்ததுதான். பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை முட்டையிடும். இட்ட பிறகு இரை தேடப் போவதை நிறுத்திவிடும். முட்டைகளின் மேல் படிந்து, அழுக்கை நீக்கி, தண்ணீரை ஊதி ஊதிப் பிராணவாயு கிடைக்கச் செய்யும். குஞ்சு பொரிந்ததும் செத்துவிடும். ஆழமில்லாத கடலில் வாழும் பெரும்பாலான இனங்களுக்கு இந்தக் காவல் ஒன்றிலிருந்து மூன்று மாதம். நம் பாக் நீரிணையில் ஐவிரல் சங்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் போட்டு ஆக்டோபஸ் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. சங்கின் பொந்துக்குள் தானாகவே வந்து அது ஒளிந்துகொள்ளும். மறைவிடத்தின் மேல் அந்த விலங்குக்கு உள்ள பற்றை வைத்தே உண்டான தொழில் அது. முட்டையிடும் பெண்ணுக்கு அந்தப் பற்று இன்னும் அதிகம்.

ஆழ்கடலில் இந்தக் காவல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் அப்போது இருக்கவில்லை. குளிரில் கரு மெதுவாக வளரும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். அதை நீட்டிப் பார்த்து, ஆழத்தில் காலம் கூடுதலாக ஆகும் என்று சொல்ல முடிந்தது. அதுவரை பதிவான மிக நீண்ட காலம், தொட்டியில் வைத்துக் கவனித்த வட அட்லான்டிக் ஆக்டோபஸ் இனம் ஒன்றின் 14 மாதம்.

2007: முதலில் கண்டது

2007 ஏப்ரலில், பள்ளத்தாக்கின் ஏறக்குறைய நடுப்பகுதியில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு பாறைத் திட்டின் அருகே ஆய்வுக் குழு ஆர்.ஓ.வி.யை இறக்கியிருந்தது. தனியாக ஓர் ஆக்டோபஸ் தரையில் பாறையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாறையில் முட்டை எதுவும் இல்லை. அந்த நேரத்தில் இது ஒரு சாதாரணக் காட்சி.

38 நாள் கழித்து, மே மாதத்தில், இயந்திரம் அதே இடத்துக்குப் போனது. பாறையின் செங்குத்தான முகத்தில் ஆக்டோபஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. கைகளைச் சுருட்டி வைத்திருந்தது. அவற்றுக்கு அடியில் முட்டைகள் இருந்தன.

இரண்டும் ஒரே விலங்குதானா? மொத்த ஆய்வும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. ஒரே இனத்தின் இரண்டு பெண்கள் ஒரு மாத இடைவெளியில் ஒரே பாறைக்கு வந்திருக்க முடியாதா என்ன? பதில் அதன் உடம்பிலேயே இருந்தது. தோலில் இருந்த தழும்புகள் ஏப்ரல் படத்திலும் மே படத்திலும் அதே இடத்தில், அதே வடிவில் இருந்தன. அடையாள அட்டை எதையும் குத்த வேண்டியிருக்கவில்லை. ஏதோ பழைய சண்டையிலோ விபத்திலோ விழுந்த காயங்கள், பின்னால் வந்த ஒவ்வொரு படத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவின.

இந்த 38 நாளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. முட்டை இல்லாத நாளும் முட்டை இருந்த நாளும் பதிவாகிவிட்டதால், அடைகாத்தல் தொடங்கிய நாளை அந்த இடைவெளிக்குள் குறுக்க முடிந்தது. காட்டில் திரியும் விலங்குகளில்கூட இது எளிதில் அமையாது. ஏப்ரலில் ஒரு வெற்றுப் பாறையைப் படமெடுத்து, அந்தப் படத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் கிடைத்த பலன் இது.

எடுத்த முடிவுகள்

ஆழ்கடலில் அரிய விலங்கு கிடைத்தால் மேலே கொண்டுவந்து ஆராய்வதே வெகுகால வழக்கம். உடலை அறுத்துப் பார்க்கலாம், வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், முட்டைகளை எண்ணி அளக்கலாம். இங்கே பெண்ணையும் முட்டைகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். என் பார்வையில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான தீர்மானம் இதுதான். மேலே கொண்டுவந்திருந்தால் இந்த இனத்தின் முட்டை எத்தனை, அளவு என்ன என்று ஒரே நாளில் துல்லியமாகத் தெரிந்திருக்கும். எவ்வளவு காலம் என்பது தெரிந்திருக்காது. கேள்வி காலத்தைப் பற்றியது என்றால், விலங்கை அதன் போக்கில் விடுவது தவிர வேறு வழியில்லை.

அடுத்த தீர்மானம், திரும்பத் திரும்பப் போவது. 2007க்கும் 2011க்கும் இடையே மொத்தம் 18 முறை அந்தப் பாறைக்கு இயந்திரம் போனது. சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சம இடைவெளியில் இல்லை; கப்பல் கிடைக்கும்போது போனார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். முதல் ஆண்டிலேயே, அதுவரை தெரிந்த ஆக்டோபஸ் இனங்களின் வழக்கமான காலம் தாண்டிவிட்டது. இரண்டாம் ஆண்டில் தொட்டியில் பதிவான 14 மாதமும் பின்னால் போயிற்று. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், ஒவ்வொரு முறையும் 'இப்போதும் இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியோடு கேபிளை இறக்கினார்கள்.

சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது என்ற சோதனையும் நடந்தது. இயந்திரக் கையால் நண்டுத் துண்டுகளை அதன் அருகே நீட்டினார்கள். அது வாங்கிக்கொள்ளவில்லை. சின்ன நண்டுகளும் இறால்களும் தாமாகவே அந்தப் பாறையில் ஊர்ந்தும் நீந்தியும் போவது உண்டு. மற்ற நாளில் அவை அதன் இரை. இப்போதோ, முட்டைகளுக்குத் தொந்தரவு தராதவரை அவற்றை அது கண்டுகொள்ளவே இல்லை. 18 முறையில் ஒரு முறைகூட அது எதையாவது தின்றதையோ முட்டைகளை விட்டு விலகியதையோ யாரும் பார்க்கவில்லை.

இதிலிருந்து அது 53 மாதமும் பட்டினி என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 18 முறையும் சேர்த்துப் பார்த்தாலும் கேமரா அங்கே இருந்த நேரம் சொற்பம். நடுவில் ஏதாவது ஒரு நண்டு கைக்குள் அகப்பட்டிருக்கலாம். முட்டையில் கெட்டுப்போனதைத் தின்றிருக்கலாம். ஆனால் உடம்பு சொன்ன கதை பட்டினிக்குத்தான் சாதகமாக இருந்தது.

நான்கு ஆண்டுகளில் காணப்பட்ட மாற்றம்

முதலில் பார்த்தபோது தோல் வெளிர் ஊதா நிறத்தில், பருக்களும் மடிப்புகளுமாக உறுதியாக இருந்தது. முறைக்கு முறை நிறம் வெளுத்துக்கொண்டே போனது. தலைக்குப் பின்னால் உள்ள உடற்பை சுருங்கியது. தோல் தொளதொளவென்று தொங்கியது. கடைசிக் கட்டத்தில் கண்களில் மங்கல் படர்ந்திருந்தது. எட்டு கைகளின் அமைப்பு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் முட்டைகளை அணைத்தபடியே, அதே இடத்தில்.

மறுபக்கம் முட்டைகள் பெருத்தன. கண்ணீர்த் துளி வடிவத்தில் இருந்த அவற்றின் உறை ஒளி ஊடுருவக்கூடியது. மேல்பக்கக் கைகள் சற்று விலகியபோது உள்ளே வளரும் குஞ்சுகளைப் பிற்காலப் படங்களில் பார்க்க முடிந்தது. இன்னொரு சந்தேகத்தை இந்த வளர்ச்சி தீர்த்து வைத்தது. முதல் ஈடு (ஒரே தடவையில் இட்ட முட்டைகள்) பொரிந்து போய், அதே பெண் நடுவில் இரண்டாம் ஈடு இட்டிருக்குமோ என்று ஒருவர் கேட்கலாம். முட்டைகள் தொடர்ந்து ஒரே திசையில் வளர்ந்தன. புதிதாகச் சிறிய முட்டைகள் எதுவும் தோன்றவில்லை. ஆகவே ஒரு பெண், ஒரே ஈடு.

சுற்றியிருந்த நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸிலேயே நின்றது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உள்ளே இருப்பதுபோல. அதோடு கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல 140 மடங்கு அழுத்தம்.

2011: முடிவு

2011 செப்டம்பரில் அது பாறையில் இருந்தது. அதுவே கடைசிக் காட்சி.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அதைக் காணவில்லை. பாறையில் கிழிந்த முட்டை உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, எல்லாம் காலி. யாரோ தின்று தீர்த்திருந்தால் உறைகள் வேறு விதமாக இருந்திருக்கும், பாறையில் அவை மிஞ்சியிருப்பதே சந்தேகம். குஞ்சுகள் பொரிந்து வெளியேறின என்பதே பொருந்தும் விளக்கம். எஞ்சிய உறைகளை எண்ணி, முட்டைகள் 155க்கும் 165க்கும் இடையில் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். பெண்ணின் உடல் கிடைக்கவில்லை. பொரிப்பதையும் யாரும் பார்க்கவில்லை.

கணக்கு 53 மாதம். நாலாண்டு ஐந்து மாதம். இரு முனையிலும் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான தெளிவின்மை உண்டு என்றாலும் முடிவை அது பாதிக்காது. 2014 ஜூலையில் ஆய்வு வெளியானபோது, எந்த விலங்கிலும் இதுவரை பதிவானதில் மிக நீண்ட அடைகாப்பு என்று அதைச் சொன்னார்கள். யானையின் சூல்காலம் ஏறக்குறைய 22 மாதம். ஆல்ப்ஸ் மலையின் உயரமான பகுதிகளில் வாழும், பல்லி போன்ற தோற்றமுள்ள கருப்பு சாலமாண்டர் 48 மாதம்வரை கருவைச் சுமக்கும். அது உடலுக்குள் சுமப்பது, இது வெளியே காவலிருப்பது என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எதை எடுத்தாலும் 53 அதற்கு மேலேதான்.

ஏன் இவ்வளவு காலம்

குளிர் முதல் காரணம். அந்த வெப்பநிலையில் கருவின் வளர்ச்சியும் மெல்லத்தான் நடக்கும், தாயின் உடல் எரிக்கும் சக்தியும் குறைவாகவே இருக்கும். பாறையில் ஒட்டி அசையாமல் இருப்பதற்குப் பெரிய செலவில்லை. வெதுவெதுப்பான கடலில் இதே காலத்துக்குப் பட்டினி கிடப்பது நடக்காத காரியம்.

குளிர் மட்டும் காரணம் என்று விட்டுவிட்டால் பாதி விஷயம் விடுபட்டுப்போகும். கரையோரத்தில் வாழும் சாதாரண ஆக்டோபஸ் லட்சக்கணக்கில் மணல் மணலாக முட்டையிடும். பொரிந்த குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போகும், பெரும்பகுதி மற்றவற்றின் வாய்க்குள் போய்விடும். இந்த ஆழ்கடல் இனம் நூற்றைம்பது, நூற்றறுபது முட்டைதான் இடுகிறது. ஒவ்வொன்றும் பெரியது. குஞ்சு வெளியே வரும்போதே தாயின் சிறு வடிவமாக, இரை பிடிக்கும் தகுதியோடு வருகிறது. ஆக்டோபஸ் குஞ்சுகளில் நன்கு வளர்ந்த நிலையில் பிறப்பவை இந்த இனத்துடையவை என்பது இதற்கு முன்பே தெரியும். அந்த வளர்ச்சிக்கு உரிய காலம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிகிறது. தாய் அந்தக் காலத்துக்கான விலையைக் கொடுக்கிறது.

தாய் ஏன் தின்பதை நிறுத்துகிறது என்பதற்கும் ஒரு துப்பு உண்டு. 1977இல் வெளியான ஒரு சோதனையில், கரையோர ஆக்டோபஸ் இனம் ஒன்றின் கண்ணருகே உள்ள சுரப்பிகளை அகற்றியபோது, முட்டைமேல் இருந்த பெண்கள் காவலை விட்டுவிட்டு மறுபடி இரை தின்னத் தொடங்கின, கூடுதல் காலம் வாழ்ந்தன. ஆக, பட்டினி உடலுக்குள்ளிருந்தே வரும் கட்டளை. அந்தக் கட்டளையோடு மூன்று மாதம் வாழ்வது வேறு, நாலாண்டு வாழ்வது வேறு.

இதனால் ஒரு பழைய எண்ணமும் ஆட்டம் கண்டது. ஆக்டோபஸ் என்றால் ஓராண்டு, ஈராண்டு வாழும் விலங்கு என்றே பழகியிருந்தோம். அடைகாப்பு மட்டுமே நாலாண்டு தாண்டுகிறது என்றால், அதற்கு முன் வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வந்த காலத்தையும் சேர்த்து, இந்த இனத்தின் ஆயுள் மற்ற ஆக்டோபஸ்களைவிட வெகு நீளமாக இருக்க வேண்டும். ஆழ்கடலில் இழுவலை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. வலையில் சிக்கும் ஒரு பெண், மறு ஆண்டே ஈடுகட்டக்கூடிய இழப்பு இல்லை.

அப்புறம் நடந்தது

2018 அக்டோபரில், அதே கலிபோர்னியக் கரைக்கு வெளியே, டேவிட்சன் என்ற கடலடி மலையின் அடிவாரத்தில், சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில், ஆயிரக்கணக்கான ஆக்டோபஸ்கள் பாறை இடுக்குகளில் கூட்டமாக அடைகாப்பதை வேறொரு பயணக் குழு கண்டது. இனம் வேறு, முசோக்டோபஸ் ரோபஸ்டஸ். மான்டெரே நிறுவனமும் அங்கே போய்ப் படமெடுத்தது. ஒரு பகுதியில் மட்டும் 6,000க்கு மேல் எண்ணி, மொத்தம் 20,000 வரை இருக்கலாம் என்று கணித்தார்கள்.

அங்கே சுற்றுநீர் 1.6 டிகிரி. 53 மாதக் கதை தெரிந்தவர்கள், இந்தக் குளிரில் இன்னும் பல ஆண்டு ஆகும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். கணக்கும் ஐந்து முதல் எட்டு ஆண்டு என்றே வந்தது. நேரில் பார்த்தால் இரண்டு ஆண்டுக்கும் குறைவு, ஏறக்குறைய 1.8 ஆண்டு. பாறைப் பிளவுகளிலிருந்து வெதுவெதுப்பான ஊற்று கசிகிறது. முட்டைகள் இருந்த இடுக்குகளில் வெப்பநிலை 11 டிகிரிவரை இருந்தது. 2023 ஆகஸ்டில் இது வெளியானபோது, குளிரே காலத்தை நீட்டுகிறது என்ற முந்தைய விளக்கத்துக்கு மறுமுனையிலிருந்து வலுச் சேர்ந்தது.

அந்த ஆய்விலும் தனித்தனிப் பெண்களைத் தழும்புகளை வைத்தே அடையாளம் கண்டார்கள்.

இன்று செய்தால் என்ன மாறும்

மான்டெரே நிகழ்வின் பெரிய இடைவெளி, கப்பல் இல்லாத நாட்கள். டேவிட்சன் மலையில் இதற்கு வழி கண்டார்கள். 2022இல் மார்ச்சிலிருந்து ஆகஸ்டுவரை கேமரா ஒன்றைக் கடலடியிலேயே நிறுத்தி, 20 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் படங்கள் கிடைத்தன. 2007இல் அந்தப் பாறைக்கு எதிரே இப்படி ஒன்று இருந்திருந்தால், ஏதாவது தின்றதா என்ற விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. பொரித்த நாளும் கிடைத்திருக்கும்.

ஆனால் கேமரா வைத்தால் வெளிச்சமும் வைக்க வேண்டும். இருட்டிலேயே பிறந்து வாழும் விலங்கின்மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெள்ளை விளக்கைப் போடுவதும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை போடுவதும் ஒன்றல்ல. நாலாண்டு நீளும் காவலுக்கு ஆறு மாதப் பேட்டரியும் போதாது. நடுநடுவே ஆர்.ஓ.வி. போய்த்தான் மாற்ற வேண்டும். நிலையான கேமராவும் திரும்பப் போவதும் சேர்ந்துதான் இந்த வேலையை முடிக்கும்.

இன்னொன்று, பக்கத்திலேயே அளவுகோல் வைப்பது. லேசர் புள்ளிகள் இரண்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் விலங்கின்மேல் விழச் செய்து அளவு எடுப்பது ஆர்.ஓ.வி. வேலையில் வழக்கமான முறை. ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில், அதே தொலைவிலிருந்து எடுத்தால் தாயின் உடல் மாதத்துக்கு எவ்வளவு சுருங்கியது என்பதை எண்ணாகவே சொல்லலாம். மான்டெரேயில் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் வருணனை.

ஆழ்கடலுக்கு இயந்திரம் அனுப்பும் திறன் இன்று நம் பக்கமும் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர்வரை இறங்கும் ரோசப் 6000 என்ற ஆர்.ஓ.வி.யை உருவாக்கியிருக்கிறது. அப்படி இறங்கும் எந்தக் குழுவுக்கும் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளச் செலவில்லாத நடைமுறை ஒன்று உண்டு. இறங்கிய இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவோடு, 'ஒன்றும் இல்லாத' பாறையையும் படமெடுத்து வைப்பது, அடுத்த தடவை அதே பாறைக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குவது. அங்கே ஏதாவது ஒரு விலங்கு இருந்தால், முதலில் அதன் தழும்புகளை நெருங்கிப் படமெடுக்க வேண்டும்.